சனிக்கிழமைக் கூழ்

கட்டின மனுசன் சனிக்கிழமை தவறாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வராமல் விடுகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். அந்தக் காரணம் சேலை உடுத்திருக்கும் என்பதில் உதயகலாவுக்கு மாசி மாதம் தொடக்கம் சந்தேகமே இருக்கவில்லை.

பார்த்தால் சோமசேகரம் அப்படி ஆசைப்படுகிற ஆளும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய வயது, வலக்கண்ணில் பூ விழுந்து பாதிப் பார்வை, மாரி பிறந்தால் மூச்சு முட்டு, வாயில் எந்நேரமும் ஒரு அணைந்து நூர்ந்த சுருட்டு. வட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் சங்கரத்தையில் வெங்காயமும் பயித்தங்காயும் போட்டு, தண்ணி இறைக்கிற மெசினோடு மல்லுக்கட்டுகிற மனுசன். இவரை எவள் திரும்பிப் பார்ப்பாள் என்று ஒருநாள் யோசித்துச் சிரித்தால், மறுநாள் எவளோ பார்க்கத்தானே செய்கிறாள் என்று குசினிச் சட்டிகளைப் போட்டு அடிப்பாள். சிரிப்பு ஒருநாள், எரிச்சல் ஆறு நாள் என்று அந்த வருசம் போய்க்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடியப்புறம் பயித்தங்காய் ஆய்ந்து மோட்டச்சைக்கிளில் கட்டித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோவார். சந்தை வேலை பத்து மணிக்குள் முடியும். மனுசன் வீட்டுப் படலை திறக்கும்போது வெயில் சாய்ந்திருக்கும். சோற்றைப் போட்டால் பசிக்கவில்லை என்பார். பசி இல்லாத முகம் எது, பசியை மறைக்கிற முகம் எது என்று இருபத்திரண்டு வருசம் சோறு போட்டவளுக்குத் தெரியாதா? அது வயிறு நிறைந்த முகம். வயிறு மட்டும் நிறைந்த முகமும் இல்லை, அதுதான் உதயகலாவைச் சாப்பிடவிடாமல் பண்ணியது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். வளைந்ததும் பூச்சி குத்தினதும் வீட்டுக் கறிக்கு வந்தன. நேரான, பிஞ்சான பயித்தங்காய் தனியாக வாழைநாரில் கட்டப்பட்டு வேறொரு பைக்குள் போனது. பிறகு பலாக்கொட்டை போனது. மரவள்ளிக் கிழங்கு போனது. ஒருநாள் குசினியில் பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா வைத்திருந்த பேணியைத் திறந்து பார்த்தால் அரைவாசி இல்லை.

சமைக்கத் தெரிந்த எவளுக்கும் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். பயித்தங்காய் தனியாகப் போனால் கறி. பலாக்கொட்டை தனியாகப் போனால் அதுவும் கறி. மரவள்ளியும் வேலியில் படர்கிற முசுட்டை இலையும் ஒடியல் மாவும் ஒரே பைக்குள் கூடிப் போனால் அது கூழ். மீனும் நண்டும் சந்தையிலேயே வாங்கலாம்.

சோறாக இருந்திருந்தால் பசிக்குத் தின்றார் என்று விட்டிருப்பாள். கூழ் பசிக்குக் குடிக்கிற சாமானா? பெரிய பானையை முற்றத்தில் வைத்து, வீட்டுச் சனம் எல்லாம் சுற்றியிருந்து, பனையோலையை மடித்த பிளாவில் ஊற்றி, உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டு குடிப்பது அது. தனி ஆளுக்கு எவரும் கூழ் காய்ச்சுவதில்லை. உதயகலாவின் கூழ்ப்பானை குசினிக்குப் பின்னால் இரண்டு வருசமாகக் கவிழ்ந்து கிடந்தது. மகன் நிருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் கூழ் இல்லை, சிரிப்பும் இல்லை, அவன் பேரும் இல்லை. அந்த மூன்றையும் நிறுத்தினவள் உதயகலாதான். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, சாப்பிடும்போது மனுசன் தற்செயலாய் அவன் பேரை எடுக்க, கோப்பையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். இந்த வீட்டில் இனி அந்தப் பேரை எடுக்கக்கூடாது என்றாள். மனுசனும் மகள் கோபிகாவும் அதன்பிறகு எடுக்கவில்லை.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இந்த மனுசன் கூழை மட்டும் தூக்கிக்கொண்டு போய் வேறொரு முற்றத்தில் வைத்திருக்கிறார். சந்தையில் கீரை விற்கிற எவளாகவோதான் இருக்கும் என்று முடிவுகட்டினாள். இந்தச் சந்தைக்காரிகளுக்கு வாயும் பெரிது, சிரிப்பும் பெரிது.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. சோளகக் காற்று பனை ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் சரியாய் வருமுன்னமே சோமசேகரம் பின்வேலியில் ஏறின முசுட்டைக் கொடியைக் கைநிறைய இழுத்து இழுத்துப் பைக்குள் திணித்தார். முன்னம் என்றால் இலை பிடுங்கினால் உதயகலாவிடம் நீட்டி, "இஞ்சரும், ஒருக்காப் பாரும்" என்பார். தன் கண்ணை நம்பாத மனுசன். இப்போது காட்டவில்லை. காட்ட முடியாத இலை.

அவர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன நேரம் உதயகலா மோட்டச்சைக்கிளில் தொங்கின பையை விரித்துப் பார்த்தாள். முசுட்டைக்குள் வேறு இலையும் கிடந்தது. கரை வெட்டின, அகன்ற, பச்சை நாற்றம் அடிக்கிற இலை. கையால் தொடவே தேவையில்லை. ஊமத்தை. வேலிக்கரையில் எத்தனை தரம் பிடுங்கி எறிந்தாலும் முளைக்கிற சனியன், முசுட்டைக் கொடியோடு பின்னி நின்று ஒரு கைப்பிடிக்கு மேல் வந்திருந்தது.

எடுத்து எறியக் கை போனது. போன கை நின்றது. எந்தப் பொம்பிளையும் முசுட்டையை ஒவ்வொரு இலையாக ஆய்ந்துதானே பானைக்குள் போடுவாள். கீரைக்காரிக்கு ஊமத்தை தெரியாதா? அவளே ஆயட்டும், ஆயும்போது, தான் பிடித்து வைத்திருப்பது இலை தெரியாத ஒரு குருட்டுக் கிழவனை என்று அவளுக்கும் ஒருக்கால் தெரியட்டும். அந்த நினைப்பு வாயில் வெல்லத்துண்டு மாதிரி இனித்தது. பையை முன்னம் இருந்தபடியே மூடிவிட்டு உதயகலா தேத்தண்ணி போடப் போனாள்.

பின்னேரம் மூன்று மணியளவில் மோட்டச்சைக்கிள் படலையோடு முட்டி விழுகிற சத்தம் கேட்டது. மனுசன் எப்படி அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தார் என்பது அவருக்கும் தெரியாது, அந்த மோட்டச்சைக்கிளுக்குத்தான் தெரியும். முகம் செம்பரத்தம்பூவாய்ச் சிவந்திருந்தது. தோல் கொதித்தது, ஒரு துளி வியர்வை இல்லை. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, சொல்லும் சொல் பாதியில் நின்றது. கள்ளுக் குடித்துவிட்டார் என்றுதான் உதயகலா முதலில் நினைத்தாள். கிட்டப்போய் மணந்தாள். கள்ளு மணக்கவில்லை, மீன் மணத்தது.

முற்றத்தில் குந்தியிருந்து இல்லாத வாய்க்காலை இல்லாத மண்வெட்டியால் வெட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினார். மாறி முடிந்ததும் களைத்த ஆளாய் மடியைத் தடவிச் சுருட்டு ஒன்றை எடுத்தார். விரலிடுக்கில் ஒன்றும் இல்லை. அதைப் பற்றவைத்தார், இழுத்தார், புகை விட்டார், ஒருதரம் கை தவறவிட்டுக் கீழே குனிந்து மண்ணில் தேடவும் செய்தார். கோபிகா தூணைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

பிறகு அவர் தலையைத் தூக்கிப் படலைப்பக்கம் பார்த்தார். இரண்டு வருசமாக அந்த முகத்தில் காணாத ஒரு வெளிச்சம் வந்தது.

"வாங்கோ, வாங்கோ. வெயிலுக்கை நிக்காதேங்கோ," என்றார். வீட்டுக்குள்ளிருந்து பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை இழுத்து வந்து, தோளில் கிடந்த சால்வையால் இருக்கையைத் துடைத்து, முருங்கை நிழலில் வைத்தார். "இதிலை இருங்கோ. களைச்சுப் போனியள்."

உதயகலா இருந்த இடத்திலேயே எரிந்தாள். கல்யாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் அவளுக்கு ஒரு கதிரையைத் துடைத்து வைத்த மனுசனா இது? அந்தக் குரலை அவள் கேட்டது கிடையாது, அல்லது எங்கோ கேட்டு மறந்து போனாள். வந்தவள் வீட்டுக்கே வந்துவிட்டாள், இல்லாமலே வந்துவிட்டாள், அவளுக்கு நிழலில் கதிரையும் போட்டாயிற்று. உதயகலா விறுவிறென்று போய் அந்தக் கதிரையில் பாரமாய்க் குந்தினாள்.

சோமசேகரம் பதறிப்போனார். "ஐயோ, அதிலை ஆள் இருக்கு. எழும்புங்கோ," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நான் ஆரெண்டு தெரியுதோ?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கறுப்புமணி கண் முழுக்க விரிந்து, கண்ணே கறுப்பாய்க் கிடந்தது. "தெரியேல்லையே, அம்மா. ஆரின்ரை வீட்டுக்கு வந்தனீங்கள்?" என்றார்.

அந்த விரிந்த கண்ணைப் பார்த்ததும் காலையில் கண்ட இலை உதயகலாவின் நெஞ்சில் வந்து அறைந்தது. கோபிகாவை அனுப்பிப் பக்கத்து வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு இளம்பெட்டை. கண்ணுக்குள் லைற் அடித்தாள், நாடி பிடித்தாள், அடிவயிற்றில் கை வைத்துச் சிறுநீர் கட்டிக்கிடக்கிறது என்றாள். என்ன சாப்பிட்டவர், எங்கே சாப்பிட்டவர் என்று கேட்டாள். காலமை பாணும் சம்பலும் என்றாள் கோபிகா. மத்தியானம் என்று டொக்டர் கேட்க, கோபிகா தாயைப் பார்த்தாள். என் மனுசன் சனிக்கிழமை எங்கே சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது என்பதை வாட்டுக்கு நடுவில் நின்று எந்த வாயால் சொல்வது? உதயகலா அதைச் சொல்லவில்லை, அதைவிடக் கஷ்டமானதைச் சொன்னாள்.

"கூழ் குடிச்சிருப்பார். அதுக்கை ஊமத்தம் இலை விழுந்திருக்கும். முசுட்டையோடை வந்தது."

"வடிவாத் தெரியுமோ, அம்மா?"

"ஓம். பைக்குள்ளை கிடந்ததைக் கண்டனான்."

தாயின் கையைப் பிடித்திருந்த கோபிகா அதை மெல்ல விட்டுவிட்டாள்.

டொக்டர் நேரே போனைத் தூக்கிப் பெண்கள் வாட்டுக்குக் கதைத்தாள். குருநகரிலிருந்து மத்தியானம் கொண்டுவந்த அம்மாவுக்கும் இதேதான், மூளைக்காய்ச்சல் இல்லை, ஊமத்தை, கெதியாய் வயிற்றைக் கழுவுங்கள் என்றாள். போனை வைத்துவிட்டு, நீங்கள் சொன்னது நல்லதாய்ப் போச்சு, அந்த அம்மாவைக் கொண்டுவந்த சனத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, அவவுக்கு இருதயமும் பலவீனம் என்றாள். இரண்டு பேரும் இரண்டொரு நாளில் தெளிவார்களாம். தெளிந்த பிறகு இதில் ஒன்றும் ஞாபகம் இருக்காதாம்.

உதயகலா அந்த ஒரு சொல்லிலேயே நின்றாள். குருநகர். சந்தைக் கீரைக்காரி இல்லை, கடற்கரைக்காரி. முசுட்டைக்கும் ஊமத்தைக்கும் வித்தியாசம் தெரிய அவளுக்கு என்ன விதி? மீனைத் தந்தால் செவுளைப் பார்த்து நாள் சொல்லுவாள், இலையைத் தந்தால் வாங்கிக் கழுவிப் போடுவாள். கொண்டுவந்தவர் தோட்டக்காரன், அவருக்குத் தெரியாததா என்று நம்பியிருப்பாள். உதயகலாவின் கணக்கு அங்கேதான் பிழைத்திருந்தது.

குருநகரில் உதயகலாவுக்குத் தெரிந்த ஒரேயொரு பொம்பிளைதான் இருந்தாள். அந்தப் பேரையும் அவள் வீட்டில் எடுப்பதில்லை.

சோமசேகரத்தைக் கட்டிலில் போட்டு, மூக்கால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, கீழே ஒரு குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்து, சேலைன் ஏற்றினார்கள். ஊசியைப் பிடுங்கி எறியாதபடி கைகளைப் பன்டேச்சுத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது. கட்டின கையின் விரல்கள் மட்டும் ஓயாமல் போர்வையில் எதையோ ஆய்ந்துகொண்டிருந்தன. வெங்காயத்தில் தாள் உரிக்கிற விரல் வேலை அது. கோபிகா தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனாள். தாயோடு தனித்திருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

உதயகலா ஈரத்துணியால் அவர் நெற்றியை ஒற்றினாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"மார்கிரட் தங்கச்சியோ?" என்றார். "கூழ் நல்லா இருந்தது. கொஞ்சம் கைச்சது, என்ன?"

பேர் வந்துவிட்டது. இல்லை, நான் உதயம் என்று சொல்லியிருக்கலாம். உதயகலா அப்படிச் சொல்லவில்லை. இரண்டு வருசம் முன்னம் முப்பத்தோராம் நாள், கறுப்பு உடுப்போடு படலையடிக்கு வந்து நின்ற அந்த மார்கிரட்டை உள்ளே விடாமல், "உன்ரை பிள்ளைதான் என்ரை பிள்ளையைக் கொண்டுபோய்ச் சாக்காட்டினது" என்று தெருவில் வைத்துச் சொல்லித் துரத்தியவள் அவள். நிருஷனும் மார்கிரட்டின் மகன் றஜிந்தனும் ரவுணில் ஒன்றாய் ரியூசன் படித்தவர்கள். றஜிந்தன் மோட்டச்சைக்கிள் ஓடினான், நிருஷன் பின்னால் இருந்தான், மானிப்பாய் றோட்டில் எதிரே பஸ் வந்தது. நிருஷன் அந்த இடத்திலேயே போனான். றஜிந்தன் விடியும்வரை கிடந்து போனான். ஓடினவன் என்ற ஒரு குற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் உதயகலா இந்த இரண்டு வருசமும் எழும்பி நடமாடினாள்.

அவளிடமா இந்த மனுசன் போனார்? உதயகலா குரலைத் தணித்தாள்.

"ஓம், மார்கிரட்தான்," என்றாள். "உங்கடை மனுசிக்குத் தெரியுமோ, நீங்கள் எங்கடை வீட்டை வாறது?"

"சொல்லிப்போடாதேங்கோ, தங்கச்சி."

"ஏன்? அவ்வளவு பயமோ?"

"பயமில்லை." நாக்கு ஒட்டியது. அவள் துணியால் வாயை நனைத்தாள். "அவள் பாவம். பேரை எடுத்தால் சாப்பிடமாட்டாள். நான் எடுக்காமல் இருந்து இருந்து, ஒருநாள் இறைக்கேக்கை பாத்தன், அவன்ரை குரல் எனக்கு ஞாபகம் வருகுதில்லை. அதுக்குப் பிறகுதானே உங்களிட்டை வந்தனான்."

உதயகலா ஆயத்தமாக இருந்தது வேறொன்றுக்கு. ஒரு பொம்பிளையின் உடம்புக்கு, சிரிப்புக்கு, சமையலுக்கு. அதற்கெல்லாம் சண்டை பிடிக்க அவளிடம் வார்த்தை இருந்தது. இதற்கு இல்லை.

"அதைச் சொல்லுங்கோவன்," என்றார் அவர், பிள்ளை கதை கேட்கிறமாதிரி. "அவன் பாசலை மாத்தினது."

"எந்தப் பாசல்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். உதயம் சனிக்கிழமை சனிக்கிழமை ரியூசனுக்குக் கட்டிக் குடுத்துவிடுற சோத்துப் பாசல். அதை உங்கடை றஜிந்தனுக்குக் குடுத்திட்டு, எங்கடையவன் உங்கடை கூழைக் குடிப்பான். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு ஒவ்வொரு கிழமையும் உங்களிட்டைச் சத்தியம் வாங்குவான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாய் முடிந்தது. "உங்களையும் அம்மா எண்டுதானே கூப்பிட்டவன்."

ஆக, தகப்பனுக்கு முன்னமே மகன் போயிருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே சனிக்கிழமை, ஒரே முற்றம், ஒரே பொய். விடிய எழும்பி வாழையிலையை வாட்டி, கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்துக் கட்டிக் கொடுத்தவள் இங்கே மடைச்சி. அதையும் பொறுக்கலாம். அந்தக் கடைசிச் சொல்லை அவளால் பொறுக்க முடியவில்லை.

"இல்லை," என்றாள் உதயகலா, மார்கிரட்டாக. "என்னை அவன் அம்மா எண்டு கூப்பிடேல்லை. மாமி எண்டுதான் கூப்பிட்டவன்."

"நீங்கள்தான் சொன்னனீங்கள், அம்மா எண்டு..."

"நான் பொய் சொன்னனான்."

பித்துப்பிடித்துக் கிடக்கிற மனுசனோடு, இல்லாத ஒருத்தியின் வாயால் சண்டை பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்கே விளங்கியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தப் பொய்யை அவள் திருப்பி எடுக்கவில்லை.

சோமசேகரம் அதைக் காதில் வாங்கியதாகவும் தெரியவில்லை. கண் அவளைத் தாண்டி எங்கேயோ போனது. "பின்னேரம் அவன் வீட்டை வந்தவன், தங்கச்சி. முருங்கைக்குக் கீழை கதிரை போட்டுக் குடுத்தனான். ஆரோ ஒரு மனுசி வந்து அவனுக்கு மேலை குந்திப்போட்டா."

அப்போதுதான், கதிரை போட்டுக் கூப்பிட்ட அந்தக் குரல் எந்தக் குரல் என்று உதயகலாவுக்கு ஞாபகம் வந்தது. நிருஷன் சின்னவனாய் இருந்தபோது பள்ளிக்கூடத்தால் வந்தால், வாங்கோ, இருங்கோ, களைச்சுப் போனியள் என்று பெரிய மனுசனுக்குச் சொல்வதுபோல அவர் அவனைப் பகிடிபண்ணிக் கூப்பிடுகிற குரல். அந்தக் குரலில் பொறாமைப்பட்டுத்தான் அவள் ஓடிப்போய் அந்தக் கதிரையில் இருந்தாள். துணியை வாளிக்குள் போட்டுவிட்டு எழும்பி வெளியே வந்தாள்.

விறாந்தையில் வந்த தாதிப் பெட்டையிடம் பெண்கள் வாட்டு எங்கே என்று கேட்டாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கே சரியாய்த் தெரியவில்லை. அவளைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். என் மனுசனையும் என் பிள்ளையையும் உனக்கு ஆர் தந்தது என்று கேட்க வேண்டும். உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கவும் வேண்டும், ஏனென்றால் அந்த இலையை எடுத்து எறியாத கை உதயகலாவின் கை. இந்த மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கூடவே நடந்தன. வெளியே விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

மார்கிரட் கடைசிக் கட்டிலில் இருந்தாள். படுக்கவில்லை, நிமிர்ந்து சம்மணம் கட்டி இருந்தாள். கழுத்தில் செபமாலை, ஒரு கையில் சேலைன். பக்கத்தில் துணைக்கு நின்ற அயல்வீட்டுக் கிழவி, வயிற்றைக் கழுவினதோடு நெஞ்சுப் படபடப்புக் குறைந்துவிட்டது, ஆனால் கதை மட்டும் நிற்கவில்லை என்று உதயகலாவுக்குச் சொன்னாள். இவள் ஆர் என்று தெரியாமல், சொந்தக்காரி என்று நினைத்து, கொஞ்சம் பார்த்துக்கொள் பிள்ளை என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மார்கிரட் ஊற்றிக்கொண்டிருந்தாள். மடிக்கு முன்னால் இல்லாத பானை. இல்லாத சிரட்டை அகப்பையால் அள்ளி, அடியில் தங்கின நண்டும் மேலே வரட்டும் என்று ஒருதரம் கலக்கி, கட்டிலின் வலப்பக்கம் ஒருதரம் ஊற்றினாள், இடப்பக்கம் ஒருதரம் ஊற்றினாள். "ஊதிக் குடியுங்கோடா, வாய் வேகப்போகுது," என்றாள். "றஜிந்தன், நீ அந்தப் பாசலை அவிழன். ஒரு பருக்கை மிச்சம் விடமாட்டாய், எனக்குத் தெரியுமே."

உதயகலா கேட்க வந்ததை விட்டுவிட்டு அந்த இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை போய் இரண்டு வருசம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், கனவில்கூட அவன் அவளிடம் வரவில்லை. கோயில்களில் நேர்ந்து கேட்டும் வரவில்லை. தகப்பனிடம் வருகிறான், கதிரையில் இருக்கிறான். இவளிடம் வருகிறான், கூழ் குடிக்கிறான். ஒரு கைப்பிடி இலையில் இவர்களுக்குக் கிடைத்தது, எல்லாவற்றையும் தெளிவாய் வைத்துக்கொண்டு நிற்கிற தனக்கு ஏன் கிடையாது? வேலிக்கரையில் இன்னும் நிற்கிறது அந்தச் செடி என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக உதயகலா தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள்.

பிறகு கட்டிலின் வலப்பக்கம் கிடந்த முக்காலியில் இருக்கப்போனாள்.

"பாத்து," என்றாள் மார்கிரட், அவளைப் பார்க்காமலே. "அதிலை நிருஷன் இருக்கிறான். இடிச்சுப்போடாதேங்கோ."

உதயகலா இருக்கவில்லை. பாதியில் குனிந்த உடம்பை மெல்ல நிமிர்த்தி, சேலைத் தலைப்பு முக்காலியில் படாமல் இழுத்துச் செருகிக்கொண்டு, கால்மாட்டுப் பக்கம் சுற்றிப்போய் வெறும் நிலத்தில் குந்தினாள். அங்கேயிருந்து முக்காலியைப் பார்த்தாள். முக்காலி முக்காலியாகவே இருந்தது.

"அவன் என்ன சேட்டுப் போட்டிருக்கிறான்?" என்று கேட்டாள். தன் குரல் தனக்கே பழக்கமில்லாமல் கேட்டது.

"நீலக் கோடு போட்டது. ஒரு தெறி இல்லை." மார்கிரட் முக்காலிப் பக்கம் கையை நீட்டி, நெஞ்சளவு உயரத்தில் காற்றைத் தொட்டாள். "கழட்டித் தாடா, தைச்சுத் தாறன் எண்டால் கேக்கிறானில்லை. அம்மா தைப்பா எண்டுறான்."

அவன் செத்த அன்று காலையில், சேட்டிலிருந்து அறுந்த அந்தத் தெறியை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நேரமில்லை, வந்த பிறகு தைத்துத் தருகிறேன் என்று உதயகலாதான் சொன்னாள். அந்தத் தெறி இன்னும் சாமி அறைத் தட்டில் திருநீற்றுக்குள் கிடக்கிறது.

"நிருஷன்," என்றாள் உதயகலா. இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்தப் பேர் அவள் வாயால் வந்தது, அவ்வளவு சத்தமாக வரவில்லை. பிறகு மார்கிரட்டிடம், "என்ன சொல்லுறான், அக்கா?" என்று கேட்டாள்.

மார்கிரட் முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். விரிந்த, கறுத்த கண். அந்தக் கண்ணுக்கு அவள் ஆராய்த் தெரிந்தாளோ தெரியாது. படலையடியில் வைத்துத் துரத்தியவளாய்த் தெரிந்திருக்காது. வந்த ஆளுக்குப் பிளா இல்லையே என்று மார்கிரட் அக்கம்பக்கம் தடவித் தேடினாள். கிடைக்கவில்லை. "கையைக் காட்டுங்கோ, பறவாயில்லை," என்றாள்.

உதயகலா இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள். மார்கிரட் பானையின் அடிவரை அகப்பையை விட்டு, கலக்கி, சிந்தாமல் கொண்டுவந்து அந்தக் கைக்குள் மெல்ல ஊற்றினாள். உதயகலா ஊதி, குனிந்து, குடித்தாள்.

"உப்பு அளவாக் காணுமோ?" என்று கேட்டாள் மார்கிரட்.

"காணும், அக்கா," என்றாள் உதயகலா. "இன்னும் கொஞ்சம் விடுங்கோ."